பதாகையில் இல்லாத பிள்ளைகள்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் நமது சிறு நகரங்களின் பிரதான வீதிகளில் பதாகைகள் முளைத்துவிடுகின்றன. ஒன்பது பாடங்களிலும் 'ஏ' எடுத்த பிள்ளைகளின் படங்கள், அதிபரின் படம், பழைய மாணவர் சங்கத்தின் வாழ்த்து. எந்தப் பாடசாலைக்கு எத்தனை 'ஒன்பது ஏ' என்று தேநீர்க்கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் கணக்குப் பார்க்கிறோம். அதை வைத்தே இது நல்ல பாடசாலை, அது கூடாத பாடசாலை என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு பிழையானது, அநியாயமானதும்கூட.

கல்முனையை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் கீழுள்ள தேசிய பாடசாலைகளும் மாகாணப் பாடசாலைகளும் இங்கே அருகருகே இருக்கின்றன. 1ஏபி என்றால் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி என்றால் உயர்தரத்தில் கலை, வர்த்தகம். வகை 2 என்றால் தரம் 11 உடன் முடிவு. எல்லாம் அரசாங்கப் பாடசாலைகள்தாம், எல்லாம் இலவசக் கல்விதான். ஆனால், பெயர்பெற்ற பாடசாலையின் தரம் 6 வாசலில் புலமைப் பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி காவல் நிற்கிறது. பத்து வயதில் கூடிய புள்ளி எடுத்தவர்கள் அங்கே போகிறார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். ஆடையை ஒரு சட்டியிலும் அடியை இன்னொரு சட்டியிலும் ஊற்றிவிட்டு, எந்தச் சட்டி நல்ல சட்டி என்று கேட்கிறோம்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாடசாலையில் தரம் 6 இல் நூறு பேர் சேர்கிறார்கள், அனைவரும் கெட்டிக்காரர்கள். அவர்களில் தொண்ணூறு பேர் உயர்தரத்திற்குத் தகுதி பெறுகிறார்கள். மற்றதில் நாற்பது பேர்; அவர்களில் பதினைந்து பேருக்கு வாசிப்பே தடுமாற்றம். அங்கே இருபத்திரண்டு பேர் தகுதி பெறுகிறார்கள். கூடுதலாக உழைத்தது எந்தப் பாடசாலை? முதலாவதில் விழுந்த பத்துப் பேருக்கு என்ன நடந்தது? இதை யாரும் கேட்பதில்லை. இன்னொன்றும் உண்டு. சித்தி வீதம் பரீட்சைக்குத் தோற்றியவர்களை வைத்துத்தான் கணிக்கப்படுகிறது, தரம் 6 இல் சேர்ந்தவர்களை வைத்து அல்ல. இடையில் நின்றுபோன பிள்ளை யாருடைய வீதத்தையும் குறைப்பதில்லை. அவன் கடையில் நிற்கிறான், அல்லது கடலுக்குப் போகிறான். 2016 இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் அவனை வகுப்பறையில் இருக்கச் சொல்கிறது. நமது கணக்கோ அவன் இல்லாததை லாபமாக எழுதுகிறது.

அவன் நின்றுபோவது பெரும்பாலும் தரம் 6 முதல் 9 வரையான இடைநிலை வகுப்புகளில்தான் தொடங்குகிறது. தரம் 5 க்குப் பின்னேர வகுப்பு உண்டு. தரம் 11 க்குக் கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள், இரவு வகுப்பு எல்லாம் உண்டு. இடையிலுள்ள நான்கு வருடங்களுக்கு யார் உண்டு? ஆசிரியர் வராத நாளில் தரம் 11 இன் பாடவேளைக்கு உடனே ஆள் தேடுகிறோம். தரம் 7 இன் பாடவேளை சத்தத்தில் கழிகிறது. பின்னம் விளங்காத பிள்ளைக்கு அட்சரகணிதம் வருகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு வரலாற்றுப் புத்தகம் வருகிறது. அந்த நான்கு வருடங்களிலும் பதாகையில் போட ஒன்றும் இல்லை. ஆகவே கவனிப்பாரும் இல்லை.

கெட்டிக்காரப் பிள்ளைக்கு நல்ல பாடசாலை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். 1940களில் கன்னங்கரா மத்திய கல்லூரிகளைப் பரப்பியதும், 1945 இல் இலவசக் கல்வி வந்ததும், நல்ல பாடசாலை கிராமத்துப் பிள்ளையின் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதற்காகவே. இன்று அதை மறந்து, பிள்ளையை முச்சக்கர வண்டியில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புகிறோம். பிள்ளையோடு பெற்றோரின் பணமும், அபிவிருத்திச் சங்கத்தின் பலமும், அதிகாரிகளின் பார்வையும் கூடவே போய்விடுகின்றன. எஞ்சிய பாடசாலையைப் பார்த்து, அங்கே படிப்பில்லை என்கிறோம்.

ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் ஒப்பிடுவோம். தரம் 6 இல் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தரம் 11 இல் இருக்கிறார்கள்? தரம் 8 இல் எத்தனை பேர் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறார்கள்? கணிதத்திற்கும் ஆங்கிலத்திற்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர் இருக்கிறாரா? நூலக அலுமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது? வலயக் கல்வி அலுவலகம் பாடசாலை பாடசாலையாக இவற்றை வெளியிடட்டும். அதன் பிறகு எது நல்ல பாடசாலை என்று பேசுவோம்.

இலக்கியச் சஞ்சிகையில் இதற்கு என்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1884 இல் கொழும்பில் பாடசாலை திறந்த சித்திலெவ்வைதான் 1885 இல் 'அசன்பே சரித்திர'த்தையும் வெளியிட்டார். வாசிக்கத் தெரிந்த சமுதாயம் இல்லாமல் எழுத்தாளன் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாமோ பரிசளிப்பு விழாக்களில் பொன்னாடை போர்த்திக்கொண்டு, சிறப்பு மலர்களுக்கு வாழ்த்துக் கவிதை எழுதிக் கொடுத்துவிட்டு, புத்தகம் விற்பதில்லை என்று புலம்புகிறோம். கதைப் புத்தகத்தின் ருசி பிடிபடுவது பன்னிரண்டு, பதின்மூன்று வயதில். அந்த வயதுப் பிள்ளையின் வகுப்பறைக்கு ஆசிரியரும் வரவில்லை, அலுமாரியும் திறக்கவில்லை என்றால், நாளைக்கு நம்மை வாசிக்கப்போவது யார்?