முதலில் சீப்பு, பிறகு நாய்

அகநானூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் பாட்டு ஒன்றில் (140ஆம் பாட்டு) உமணர் மகள் ஒருத்தி வருகிறாள். நெல்லுக்குச் சரியளவு உப்பு என்று சேரியில் கூவி விற்றுக்கொண்டு போகிறாள். வீட்டாரின் குரலை மட்டுமே அறிந்த நாய், பழக்கமில்லாத அந்தக் குரலைக் கேட்டுக் குரைக்கிறது. அவள் மிரள்கிறாள். அந்த மிரட்சியில் தலைவன் நெஞ்சைப் பறிகொடுக்கிறான். படிக்கிற நாமெல்லாம் அவளுடைய கண்களிலேயே நின்றுவிடுகிறோம், நாயைக் கவனிப்பதில்லை. அது எத்தகைய நாய் என்று புலவர் சொல்லவில்லை. ஆனால் யாரும் நாள்தோறும் உட்கார்ந்து அதற்கு முடி வாரிவிட்டிருக்கமாட்டார்கள் என்று துணிந்து சொல்லலாம்.

அந்தப் பாட்டின் நினைவு எங்களுக்கு அடிக்கடி வருவதற்குக் காரணம், நாங்கள் இருப்பது மரக்காணத்தில். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இதுவே என்று கருதுவோர் உண்டு. பக்கிங்காம் கால்வாய் வடக்கேயிருந்து நெடுந்தொலைவு வந்து முடிகிற இடம். மேற்கே கழுவேலி ஏரி, கிழக்கே கடல், இடையில் உப்பளங்கள். அம்மூவனாரின் உப்பும் நாயும் இன்றும் இங்கே இருக்கின்றன. மாறியது நாய்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் புதிது புதிதாக எழும் வீடுகளில் லாசா ஆப்சோவும், ஷீ ட்சூவும், கோல்டன் ரெட்ரீவரும் வளைய வருகின்றன. பழைய வீடுகளில் நாம் ‘பொமரேனியன்’ என்று அழைத்துப் பழகிய வெள்ளை நாய்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் இனம் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். எல்லாம் நீளமான முடியுள்ளவை. நாய் வந்த சில மாதங்களுக்குள் வீட்டார் ஏதாவதொரு நாய்க் கண்காட்சிக்குப் போவதும், கை நிறையப் பொருள்களோடு திரும்புவதும் இப்போது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அந்தக் கைநிறையப் பொருள்களைப் பற்றித்தான் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்காட்சியில் கடை எதற்கு, அங்கே நாயைப் பார்க்கத்தானே போகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. முறையான முதல் நாய்க் கண்காட்சி என்று சொல்லப்படுவது 1859 ஜூன் மாதம் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்தது. வேட்டைநாய்களான பாயின்டர், செட்டர் என்னும் இரண்டு வகைகளுக்கு மட்டுமே அதில் இடம். வென்றவர்களுக்குப் பரிசு துப்பாக்கி. கொடுத்தவர் உள்ளூர்த் துப்பாக்கி வணிகர். இன்று உலகமே அறிந்த கிரஃப்ட்ஸ் கண்காட்சியை 1891இல் தொடங்கிய சார்லஸ் கிரஃப்ட், ஸ்பிராட்ஸ் என்னும் நாய் பிஸ்கட் நிறுவனத்தில் எடுபிடி வேலையில் சேர்ந்து உயர்ந்தவர். கண்காட்சியோடு கடை ஒட்டிக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஆகவே கடைக்காரரைக் குறைசொல்வதற்கில்லை. அவர் தம் வேலையைச் செய்கிறார். வாங்குகிறவர் தம் வேலையைச் செய்கிறாரா என்பதே கேள்வி.

அந்தக் கடைகள் யாருக்காக விரிக்கப்பட்டவை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பகுதி, அன்று அரங்கத்தில் இறங்கப்போகும் நாய்களுக்காக. நடுவர் பார்க்கும் சில நிமிடங்களில் முடி பளபளக்க வேண்டும், பறக்காமல் படிய வேண்டும், வெள்ளை வெள்ளையாகவே தெரிய வேண்டும். அதற்கான ஸ்பிரே, பவுடர், வாசனைத் தைலம், உச்சிக் குடுமிக்கு ரப்பர் வளையம், முடியைச் சுற்றி மடித்துவைக்கும் தாள் எல்லாம் அங்கே கிடைக்கும். அவை போலிப் பொருள்கள் அல்ல. ஒரு நாளுக்கான பொருள்கள். கல்யாணத்தன்று மணப்பெண்ணுக்குச் செய்யும் அலங்காரத்தை யாரும் அன்றாடம் செய்துகொள்வதில்லை. நமக்கு வேண்டியதோ மற்ற 364 நாள்களுக்கானது.

அத்தோடு, இடமும் வேறு. மே மாதத்தில் ஊட்டியில் தென்னிந்திய கென்னல் கிளப் நடத்தும் கண்காட்சி புகழ்பெற்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த காற்றில், நீள்முடி நாய்கள் அங்கே தேவதைகளைப்போல நடந்துவரும். பார்த்த மயக்கத்திலேயே பாதிப் பணம் கரைந்துவிடும். அதே மே மாதத்தில் மரக்காணத்து உப்பளங்களில் உப்பு வாருவது மும்முரமாக இருக்கும். உப்புக்கு ஏற்ற வெயில் நாய்க்கு ஏற்றதல்ல என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

உப்புக்காற்று முடியை என்ன செய்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். பாத்தியில் நிற்கும் நீர் போமே அளவில் சுமார் 25 டிகிரிக்கு வந்ததும் சமையலுப்பு படியத் தொடங்குகிறது. எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசிய உப்புகள் மிகுதி. இவை காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியின் அடியில் நீர் கசிவது இதனால்தான். கடலிலிருந்தும் அளத்திலிருந்தும் காற்று கொண்டுவரும் இந்த நுண்துகள் நாயின் முடியில் படிந்தால் முடி முழுதாகக் காய்வதே இல்லை. ஈரமான முடி ஒன்றோடொன்று உரசிச் சிக்காகிறது. காதின் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, பின்தொடைகளின் நடு ஆகிய நான்கு இடங்களில் அது முதலில் தொடங்கும். சிக்கு சடையாகும். சடையின் அடியில் தோல் வெந்துபோகும். சடைக்குள் உண்ணி குடியிருக்கும். உண்ணியோ எர்லிக்கியா என்னும் இரத்தக் கிருமியைக் கொண்டுவரும். அது நாயின் உயிரையே குடிக்கக்கூடியது. சீப்பு அழகுக்கான கருவி என்று நினைப்பவர்கள் இந்தச் சங்கிலியை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதை நாங்கள் நூலில் படித்து அறியவில்லை. எங்கள் முதல் நாய் ஒரு லாசா ஆப்சோ. ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்திலுள்ள லாசாவின் பெயரைத் தாங்கிய இனம், எங்கள் வீட்டுத் திண்ணையில் கடல்மட்டத்தில் படுத்திருந்தது. சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போய், பளபளப்பு ஸ்பிரே, வாசனைத் தைலம், சிவப்பு ரிப்பன், கைக்கடக்கமான ஒரு பிளாஸ்டிக் பிரஷ் ஆகியவற்றை வாங்கிவந்தோம். நாள்தோறும் மேலாக வாரினோம், ஸ்பிரே அடித்தோம். நாய் படத்தில் பார்ப்பதுபோல இருந்தது. ஆறேழு வாரம் கழித்துக் காதைத் தொட்டால் கத்தியது. முடியை விலக்கிப் பார்த்தால் மேல்முடியின் அடியில் ஒரு கம்பளித் துண்டைப்போலச் சடை. பதற்றத்தில் கத்தரிக்கோலை எடுத்தோம். சடையோடு தோலையும் சேர்த்து வெட்டிவிட்டோம். புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடித் தையல் போட்டுத் திரும்பிய இரவில் அது எங்கள் கையை நக்கியது. அதைவிடக் கடித்திருக்கலாம். பிழை கடைக்காரருடையது அல்ல. நாங்கள் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார்.

அதன்பிறகு பல கண்காட்சிகளுக்குப் போனோம். இப்போது அரங்கத்தின் முன்வரிசையில் உட்காருவதில்லை. பின்புறம், நாய்களை மேசைமேல் நிறுத்தித் தயார்செய்யும் இடத்துக்குப் போகிறோம். கண்காட்சியில் உண்மையாகவே விலைமதிப்புள்ளது அங்கேதான் இருக்கிறது, அதுவும் இலவசமாக. இருபது ஆண்டுகள் முடி வாரிய கைகள், முடியைப் பத்தி பத்தியாகப் பிரித்து, தோல் தெரியும்படி அடியிலிருந்து நுனிவரை எப்படி வாருகின்றன என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நாய் அரங்கிலிருந்து வந்தபிறகு மரியாதையாகக் கேட்டால் எந்த பிரஷ், எந்தச் சீப்பு என்று பெரும்பாலானோர் மறைக்காமல் சொல்வார்கள். போட்டிக்கு முன் கேட்கக்கூடாது. தேர்வறை வாசலில் நிற்கும் பிள்ளையிடம் பேச்சுக் கொடுப்பதைப்போன்றது அது. இணையத்தில் எல்லாம் கிடைக்கும் இந்நாளில் கண்காட்சிக்குப் போய் வாங்குவதற்கு நாங்கள் காணும் ஒரே நியாயம் இதுதான். நம் நாயின் முடியை ஒத்த முடியில் கருவி வேலை செய்வதை அங்கே பார்த்துவிட்டு வாங்கலாம்.

எங்கள் பட்டியல் மிகச் சிறியது. முதலாவது, ஒரு பாதி நெருக்கமாகவும் மறுபாதி இடைவெளியோடும் பற்கள் அமைந்த எஃகுச் சீப்பு. பிரஷ் பொய் சொல்லும், சீப்பு சொல்லாது. தோலிலிருந்து நுனிவரை தடையின்றி ஓடினால்தான் வாரி முடித்ததாகக் கணக்கு. வாங்குமுன் பற்களை நம் மணிக்கட்டின் உட்புறத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். நமக்குக் கீறினால் நாய்க்கும் கீறும். இந்தக் கடற்கரையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மேற்பூச்சு மட்டும் மினுங்கும் மலிவுச் சீப்பில் சில மாதங்களிலேயே துரு பூக்கும். துருவேறிய பல் முடியை வாராது, அறுக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று உறுதிசெய்துகொண்டு வாங்கி, பயன்படுத்தியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவைக்க வேண்டும். கத்தரிக்கோலுக்கும் முடிவெட்டும் கருவியின் அலகுக்கும் இங்கே எண்ணெய் தவறக்கூடாது.

இரண்டாவது, நீள்முடிக்கு ஊசி பிரஷ். அடர்ந்த உள்முடி உள்ளதென்றால் ஸ்லிக்கரும். மூன்றாவது, நாய்க்கென்றே செய்த ஷாம்புவும் கண்டிஷனரும். மனிதத் தோலின் பிஎச் அளவு 5.5ஐ ஒட்டியது, நாயின் தோல் பெரும்பாலும் 7ஐ ஒட்டியிருப்பது. நம் ஷாம்பு அதற்கு ஒத்துவராது. நான்காவது, சூடு குறைந்த காற்றை வேகமாக ஊதும் பிளோயர். விலை கூடுதல்தான். ஆனால் குளிப்பாட்டிவிட்டு அரைகுறையாகக் காயவிடுவது குளிப்பாட்டாமல் இருப்பதைவிடக் கேடு. சிக்கெடுக்காமல் நனைத்தால் சிக்கு இறுகிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. இவ்வளவுதான். பளபளப்பு ஸ்பிரே வேண்டாம். எங்கள் அனுபவத்தில் அது உப்பையும் தூசியையும் பிடித்துவைக்கிறது. ‘இயற்கையானது’ என்று கொடுக்கும் டீ ட்ரீ எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதன் செறிந்த வடிவம் நாய்க்கு நஞ்சு.

இத்தனை தொல்லை எதற்கு, மொட்டையடித்துவிட்டால் போயிற்று என்பார்கள் சிலர். லாசா, ஷீ ட்சூ போன்றவற்றுக்கு முடியைக் குட்டையாகக் கத்தரித்து வைப்பது இங்கே நல்லதே. நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் ஸ்பிட்ஸ், ரெட்ரீவர் போன்ற இரட்டைமுடி நாய்களைத் தோல்வரை மழித்தால் வெயில் நேரே தோலில் இறங்கும். முடி பழையபடி வளராமலும் போகலாம். மேலும், நாய் வெப்பத்தைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரையில் அதுவும் சரியாக நடப்பதில்லை. நிழலும் நல்ல தண்ணீரும் இல்லாத வீட்டில் மொட்டையும் உதவாது, சீப்பும் உதவாது.

இங்கே கருத்து வேறுபடுவோர் ஒரு கேள்வி கேட்கலாம். இவ்வளவு பாடுபட்டு இத்தகைய நாய்களை இந்தக் கரையில் வளர்க்கத்தான் வேண்டுமா? நியாயமான கேள்வி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று இம்மண்ணில் உருவான நாய்கள் எல்லாமே குட்டைமுடி. 2005இல் இந்திய அஞ்சல்துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் இமயமலை ஆட்டுநாயும் ஒரே வரிசையில் இடம்பெற்றன. அந்த இரண்டு முடியையும் பார்த்தால் போதும், மலை எது, சமவெளி எது என்று தெரிந்துவிடும். 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற இனங்கள் இங்குள்ள வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்றது. வளர்ப்போரிடமிருந்து எதிர்ப்பும் வந்தது. ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்ட நாய்க்கு எந்தக் கொள்கையும் முடி வாரிவிடப்போவதில்லை. அது நம் பொறுப்பு.

வரப்போகும் நாயைப் பற்றி மட்டும் எங்களுக்கு ஒரு யோசனை உண்டு. நாள் ஒன்றுக்குக் கால்மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 91 மணிநேரம் ஆகிறது. நீள்முடி நாய் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு கண்காட்சிக்குப் போகட்டும். குட்டிகளைப் பார்க்க வேண்டாம். பின்புறம் போய் ஒருமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒரு நல்ல சீப்பை மட்டும் வாங்கி வரட்டும். ஒரு மாதம் அதைக் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொண்டு, நாள்தோறும் அந்தக் கால்மணி நேரத்தை ஒதுக்க முடிகிறதா என்று தங்களையே சோதித்துக்கொள்ளட்டும். முடிந்தால் நாயை வாங்கலாம். முடியாவிட்டால் குட்டைமுடி நாய் ஒன்று எங்காவது காத்திருக்கும், தெருவிலேயேகூட. வீணானது ஒரு சீப்பின் விலை மட்டுமே.

உமணர் மகள் கூவிய விலையில் ஏமாற்று இல்லை. நெல் எவ்வளவோ உப்பும் அவ்வளவு. நாயும் நம்மோடு அப்படித்தான் வணிகம் செய்கிறது. நாம்தான் ஸ்பிரேயைக் கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்க்கிறோம்.