சாம்பியன் வெர்ஸ்டப்பன்... ஆனா ரெட்புல் ஏன் மூணாவது? எஃப் 1 சொல்லும் 'ரெண்டாவது கார்' கணக்கு!

2016 ஐ.பி.எல் ஞாபகம் இருக்கா? ஒரே சீசன்ல 973 ரன். ஆரஞ்சு கேப் விராட் கோலிக்கு. கப்? இறுதிப்போட்டியில ஆர்.சி.பி-யைத் தோற்கடிச்சு சன்ரைசர்ஸ் தூக்கிட்டுப் போச்சு. 'கோலி இருந்தும் ஏன் கப் இல்ல?'ங்கிற சண்டை அதுக்கப்புறம் எத்தனை வருஷம் ஓடுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

ஃபார்முலா 1 ரசிகர்களுக்கு நடுவுலயும் ரெண்டு சீசனா கிட்டத்தட்ட இதே சண்டைதான். 'ஜெயிக்கிறது காரா, ஓட்டுறவரா?', 'மெக்லாரன் ரொம்ப நல்லபிள்ளையா இருக்கா?', 'வெர்ஸ்டப்பன் இல்லைன்னா ரெட்புல் எங்க இருக்கும்?' இப்படிப் போகுது பேச்சு. எல்லாரும் பேசுறது முதல் காரைப் பத்தி. ஆனா 2024, 2025 பாயின்ட்ஸ் டேபிளைப் பொறுமையா பார்த்தா, பதில் ரெண்டாவது கார்ல இருக்கு.

முதல்ல விதியைப் பார்த்துடலாம். எஃப் 1-ல ரெண்டு பட்டம். ஒண்ணு டிரைவருக்கு, இன்னொண்ணு டீமுக்கு. முதலிடத்துக்கு 25, ரெண்டாவதுக்கு 18, மூணாவதுக்கு 15-ன்னு பத்தாவது இடம் வரைக்கும் பாயின்ட். ஒரு டீமோட ரெண்டு கார்களும் எடுக்குறதைக் கூட்டினா டீம் கணக்கு. டி.வி-யில கொண்டாட்டம் எல்லாம் டிரைவர் பட்டத்துக்குத்தான். ஆனா பரிசுப் பணத்தைப் பிரிக்கிறது டீம் பட்டியல்ல பிடிச்ச இடத்தை வச்சு. தொழிற்சாலையில ராப்பகலா வேலை செய்ற நூத்துக்கணக்கான பேருக்கு இந்த இடம்தான் முக்கியம்.

722 ஆகியிருக்க வேண்டிய 589

2023-ல ரெட்புல் ஆடினது ஒன்சைடு மேட்ச். 22 ரேஸ்ல 21 வெற்றி. அதுல வெர்ஸ்டப்பனுக்கு மட்டும் 19. சிங்கப்பூர்ல மட்டும் ஃபெராரியோட சைன்ஸ் தடுத்தார். வெர்ஸ்டப்பன் 575, செர்ஜியோ பெரெஸ் 285, மொத்தம் 860 பாயின்ட். யாராலயும் கிட்ட நெருங்கவே முடியலை.

அடுத்த வருஷமும் வெர்ஸ்டப்பன்தான் சாம்பியன். 437 பாயின்ட், 9 வெற்றி. ஆனா ரெட்புல்லுக்கு டீம் பட்டியல்ல மூணாவது இடம்! மெக்லாரன் 666, ஃபெராரி 652, ரெட்புல் 589. 1983-ல நெல்சன் பிக்கே ஜெயிச்சப்போ அவரோட பிரபாம் டீம் மூணாவதா வந்துச்சு. அதுக்கப்புறம் இப்படி நடந்தது இதுதான் முதல் தடவை.

காரணம் என்ன? பெரெஸ் எடுத்தது 152. சீசனோட முதல் அஞ்சு ரேஸ்ல நாலு தடவை போடியம் ஏறினவர், அதுக்கப்புறம் ஒரு தடவைகூட ஏறலை. ஒரு சின்ன கணக்கு போடுங்க. 2023-ல எடுத்த அதே 285-ஐ அவர் திரும்ப எடுத்திருந்தா ரெட்புல்லோட கணக்கு 722. மத்த டீம்கள்ல கொஞ்சம் குறைஞ்சிருக்கும்கிறதையும் சேர்த்துப் பார்த்தா, டீம் கோப்பை கைவிட்டுப் போயிருக்காது.

அந்தப் பக்கம் மெக்லாரன்ல நோரிஸ் 374, பியாஸ்ட்ரி 292. சாம்பியன் டிரைவர் அங்க இல்ல. ஆனா ரெண்டு பேரும் வாராவாரம் பாயின்ட் கொண்டுவந்தாங்க. 1998-க்கு அப்புறம் மெக்லாரனுக்குக் கிடைச்ச முதல் டீம் பட்டம் அது.

ஒருத்தர் அளவுக்குத் தைச்ச சட்டை

'பெரெஸ் சொதப்பிட்டார்'னு ஈஸியா சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா ரெட்புல்லோட ரெண்டாவது சீட்ல உட்கார்ந்தவங்க லிஸ்ட்டைப் பாருங்க. 2019 சீசன் பாதியில கேஸ்லியை எடுத்தாங்க. 2020 முடிவுல ஆல்பனை எடுத்தாங்க. பெரெஸுக்கு 2024 ஜூன்ல கான்ட்ராக்ட்டை நீட்டிச்சு, டிசம்பர்ல வழியனுப்பிட்டாங்க. 2025-ல வந்த லியாம் லாசனுக்குக் கிடைச்சது ரெண்டே ரெண்டு ரேஸ். மூணாவது ரேஸ்ல அந்த சீட்ல யூகி சுனோடா. சீசன் முடிஞ்சதும் அவருக்கும் சீட் இல்ல. 2026-க்கு ஐசக் ஹஜார்.

இத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல ஓட்டத் தெரியாமப் போயிடுமா? இதே கேஸ்லி, ரெட்புல்லோட சின்ன டீமுக்கு அனுப்பப்பட்ட அடுத்த வருஷமே, 2020-ல மான்சாவுல ரேஸ் ஜெயிச்சுக் காட்டினார்.

வெர்ஸ்டப்பனுக்குப் பிடிச்ச காரோட முன்பக்கம் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் சட்டுனு திரும்பணும். பின்பக்கம் கொஞ்சம் வழுக்கினாலும் அவர் சமாளிச்சுடுவார். மத்தவங்களுக்கு அந்த வழுக்கல்தான் பயம். பயம் வந்தா பிரேக்கை முன்னாடியே அழுத்துவாங்க, ஒவ்வொரு திருப்பத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா நேரம் போகும். வேகமா ஓட்டுறவர் சொல்றதைக் கேட்டு காரை மாத்திக்கிட்டே போறது எந்த டீமும் செய்றதுதான். ஆனா அப்படியே போனா, ஒருத்தர் அளவுக்குத் தைச்ச சட்டையை இன்னொருத்தருக்கு மாட்டிவிட்ட கதை ஆகிடும். திட்டு மட்டும் ரெண்டாவது ஆளுக்கு.

2025 டேபிள் இதை இன்னும் பச்சையா காட்டுது. வெர்ஸ்டப்பன் 421. ரெட்புல் கார்ல சுனோடா 30. லாசன் பூஜ்யம். மொத்தம் 451. மெர்சிடிஸ் 469 எடுத்து ரெண்டாவது இடத்தைப் பிடிச்சது. இன்னொரு பக்கம், லெக்லெர்க், ஹாமில்டன்னு ரெண்டு ஸ்டார்களை வச்சிருந்த ஃபெராரி எடுத்தது 398. அதாவது வெர்ஸ்டப்பன் ஒத்தை ஆளா ஃபெராரியோட ரெண்டு பேரையும் சேர்த்து முந்தியிருக்கார். 'அவர் இல்லைன்னா ரெட்புல் இல்ல'ன்னு அவரோட ரசிகர்கள் சொல்றது உண்மைதான். ஆனா அது வெர்ஸ்டப்பனுக்கு எவ்வளவு பெரிய பாராட்டோ, ரெட்புல்லுக்கு அவ்வளவு பெரிய குற்றச்சாட்டு.

நல்லபிள்ளையா இருந்தா நஷ்டமா?

இனி மெக்லாரன் பக்கம் போவோம். அவங்க காரோட ஆரஞ்சு நிறத்தை வச்சு ரசிகர்கள் சொல்ற 'பப்பாளி ரூல்ஸ்' ரொம்ப சிம்பிள்: ரெண்டு டிரைவரும் சமம், மோதிக்கலாம், ஆனா முட்டிக்கக் கூடாது.

கேட்க நல்லாதான் இருக்கு. 2024-ல ஹங்கேரியில பிட் ஸ்டாப் வரிசையால நோரிஸ் முன்னாடி வந்துட்டார். டீம் கெஞ்சிக் கேட்ட பிறகு, கடைசி நேரத்துல பியாஸ்ட்ரிக்கு வழி விட்டார். பியாஸ்ட்ரிக்கு முதல் வெற்றி, நோரிஸுக்கு 7 பாயின்ட் நஷ்டம். வெர்ஸ்டப்பனைத் துரத்திக்கிட்டிருந்த ஆளுக்கு இது தேவையான்னு ரசிகர்கள் கொதிச்சாங்க.

2025-ல கார் இன்னும் வேகம். 24 ரேஸ்ல 14 வெற்றி, ஆளுக்கு ஏழு. அக்டோபர்ல சிங்கப்பூர்லயே டீம் பட்டம் உறுதி. ஆனா ரெண்டு பேரும் பாயின்ட்டைப் பங்கு போட்டுக்கிட்டதால, ஒரு கட்டத்துல 104 பாயின்ட் பின்னாடி இருந்த வெர்ஸ்டப்பன் கடைசி ரேஸ் வரைக்கும் போட்டியில இருந்தார். நடுவுல மெக்லாரனும் தாராளமா உதவினாங்க. லாஸ் வேகஸ்ல காரோட அடிப்பலகை அளவுக்கு மேல தேய்ஞ்சிருந்ததால ரெண்டு பேரும் தகுதி நீக்கம். கத்தார்ல சேஃப்டி கார் வந்தப்போ மத்த முன்னணி டீம்கள் டயர் மாத்த, மெக்லாரன் மட்டும் மாத்தாம விட்டுச்சு. அந்த ரேஸை ஜெயிச்சது வேற யாரு... வெர்ஸ்டப்பன்தான்.

'முதல்லயே ஒருத்தரை நம்பர் 1-ன்னு சொல்லியிருந்தா இந்த டென்ஷனே இல்லையே'ங்கிறது ஒரு தரப்போட வாதம். நியாயமாத்தான் தெரியும், மான்சாவை மறந்துட்டா!

அந்த 3 பாயின்ட்

2025 செப்டம்பர், மான்சா. நோரிஸோட பிட் ஸ்டாப் சொதப்பிடுச்சு. ரெண்டாவது இடத்துல இருந்தவர் பியாஸ்ட்ரிக்குப் பின்னாடி போயிட்டார். இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி டீம் கேட்டுச்சு. அப்போ புள்ளிப் பட்டியல்ல முதலிடத்துல இருந்தது பியாஸ்ட்ரி. அதிருப்தி இருந்தாலும் கொடுத்துட்டார். நோரிஸுக்கு 18, பியாஸ்ட்ரிக்கு 15.

சீசன் முடிவுல நோரிஸ் 423, வெர்ஸ்டப்பன் 421, பியாஸ்ட்ரி 410. வித்தியாசம் வெறும் 2. பியாஸ்ட்ரி அன்னிக்கு வழி விடாம இருந்து, மத்ததெல்லாம் அப்படியே நடந்திருந்தா? நோரிஸ் 420. அப்போ சாம்பியன் வெர்ஸ்டப்பன்!

கடைசி ரேஸ் அபுதாபியிலயும் ரெண்டாவது கார்கள்தான் கதை. முதல் லேப்லயே நோரிஸைத் தாண்டி, வேற டயர் திட்டத்தோட வெர்ஸ்டப்பனைத் துரத்தினார் பியாஸ்ட்ரி. ரெட்புல் தரப்புல நோரிஸைத் தடுக்க சுனோடாவை நிறுத்தினாங்க. வளைச்சு வளைச்சு மறிச்சதுக்கு அவருக்குக் கிடைச்சது 5 விநாடி பெனால்ட்டி. நோரிஸ் தாண்டிப் போய் மூணாவதா முடிச்சு பட்டத்தை வாங்கிட்டார். எட்டு ரேஸ் ஜெயிச்ச வெர்ஸ்டப்பன், ஏழு ஜெயிச்சவர்கிட்ட தோத்தார். அன்னிக்கு ரேஸை ஜெயிச்சதும் அவர்தான்!

முன்வரிசையில ரெண்டு கார் இருந்தா, ஒண்ணை சீக்கிரம் டயர் மாத்த அனுப்பி, இன்னொண்ணை நிறுத்தி வச்சு எதிராளியைக் குழப்பலாம். ஒத்தைக் காரா இருந்தா எந்தப் பக்கம் போனாலும் பாதி வழி அடைபட்டிருக்கும். வெர்ஸ்டப்பன் மாதிரி ஒரு ஆள் அதையும் மீறி 2 பாயின்ட் தூரத்துல வந்து நின்னார். அதிசயம்தான். ஆனா அதிசயத்தை நம்பி வருஷாவருஷம் ஒரு டீமை நடத்த முடியாது.

2026-ல இன்ஜின், கார்னு விதிகளே மாறுது. பதினோராவது டீமா கடில்லாக் வருது, அதுல பெரெஸுக்கு மறுபடியும் ஒரு சீட். ரெட்புல்ல வெர்ஸ்டப்பனுக்குப் பக்கத்துல ஹஜார். முதல் ரேஸ் முடிஞ்சதும் எல்லாரும் யார் ஜெயிச்சதுன்னு பார்ப்பாங்க. நீங்க கொஞ்சம் கீழ ஸ்க்ரோல் பண்ணி, ஒவ்வொரு டீமோட ரெண்டாவது கார் எங்க இருக்குன்னு பாருங்க. டிசம்பர்ல யார் கைல டீம் கோப்பை இருக்கும்னு பாதி பதில் அங்கயே கிடைச்சிடும்.