படத்துக்குக் கீழே இரண்டு பெயர்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவர்)



ஆப்பிரிக்க சஃபாரி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? சிங்கம், யானை, காண்டாமிருகம்! ஆனால் கென்யா நாட்டில் மட்டும் 1,100-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் 500-க்கும் மேல். இவற்றைப் படம் எடுப்பதற்கென்றே பெரிய பெரிய லென்ஸ்களைத் தூக்கிக்கொண்டு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் போகிறார்கள்.

நான் ஆப்பிரிக்கா போனவன் இல்லை. போனவர்கள் எடுத்த படங்களைப் புத்தகத்திலும் செல்போனிலும் ஆசை ஆசையாகப் பார்க்கிறவன். படத்துக்குக் கீழே பறவையின் பெயர் இருக்கும். எடுத்தவர் பெயர் இருக்கும். சில நேரம் கேமராவின் பெயர்கூட இருக்கும். அந்தப் பறவையை முதலில் கண்டுபிடித்துக் காட்டிய கைடின் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஏன்?

ஒரு பறவைப் படம் எப்படிக் கிடைக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன ஆந்தை உண்டு. பகல் முழுக்க மரப்பட்டை நிறத்திலேயே மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டு தூங்கும். புதிதாகப் போகிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. கைடுக்குத் தெரியும். வண்டிக்குள் ஆள் இருக்கும்வரை பல பறவைகள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை; கீழே இறங்கினால் பறந்துவிடும். எனவே சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்கும்படி வண்டியை மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இன்ஜினையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் அதிர்வு நீள லென்ஸில் பெரிதாகி, படம் கலங்கிப் போகும். ஆகப் பாதிப் படத்தை ஸ்டியரிங் பிடித்தவரே எடுத்து முடித்துவிடுகிறார்!

இது ஏதோ பழக்கதோஷத்தில் வருவது என்று நினைத்துவிடாதீர்கள். கென்யாவில் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகளுக்கென்று 1996-இல் ஒரு சங்கம் தொடங்கி, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் தேர்வு நடத்துகிறார்கள். நாம் டிப்ளமோவுக்குப் படிப்பது போல அவர்களும் படிக்கிறார்கள்.

புத்தகத்தில் வராத அறிவும் உண்டு. மொசாம்பிக் நாட்டின் நியாசா காட்டில் யாவோ மக்கள் ஒரு தனிக் குரல் எழுப்பித் தேன்காட்டிப் பறவையைக் கூப்பிடுகிறார்கள். அது வந்து தேன்கூட்டுக்கு வழி காட்டுகிறது. தேன் மனிதனுக்கு, மெழுகு பறவைக்கு! அந்தக் குரல் கொடுத்தால் தேன்கூடு கிடைக்கும் வாய்ப்பு 16 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாகக் கூடுகிறது என்று 2016-இல் விஞ்ஞானிகள் சோதித்து எழுதினார்கள். யாவோக்காரர்களுக்கு அதை அப்பன்தான் சொல்லிக் கொடுத்தான்.

"அதான் டிப்ஸ் குடுக்கிறோமே, பத்தாதா?" என்று கேட்கலாம். பத்தாது என்பதே என் கருத்து. டிப்ஸை மட்டும் நம்பியிருக்கும் கைடிடம், "இன்னும் கொஞ்சம் கிட்டக்க போப்பா" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? தேசியப் பூங்காவில் தடத்தை விட்டு வண்டி இறங்கக் கூடாது. ஆள்காட்டி, கோரி கானமயில், நெருப்புக்கோழி எல்லாம் வெறும் தரையில் முட்டையிடுபவை. ஒரு டயர் ஏறினால் முட்டைகள் போச்சு. "முடியாது சார்" என்று சொன்னால் டிப்ஸ் போச்சு. நல்ல படத்தின் கீழே தன் பெயரும் வரும் என்றால், அந்தப் பெயரைத் தேடி அடுத்த ஆள் வருவார் என்றால், "முடியாது" என்று சொல்ல அவருக்கும் தைரியம் வரும். பெயர் என்பது வெறும் பெருமை இல்லை நண்பர்களே, அது ஒரு பலம்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்பா கொத்தனார். தூக்குக்குண்டு போட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தாரென்றால் சுவர் நூலளவு சாய்ந்திருந்தாலும் சொல்லிவிடுவார். அவர் கட்டிய கட்டடங்களின் கல்வெட்டில் திறந்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், காண்ட்ராக்டர் பெயர் எல்லாம் இருக்கிறது. கொத்தனார் பெயர்? "பேரு எதுக்குடா, கூலி வந்துச்சில்ல, போதும்" என்பார். எனக்குப் போதவில்லை. அதனால்தான் எங்கோ இருக்கும் கைடுக்காக இங்கிருந்து எழுதுகிறேன்.

கேமரா பிடிப்பவரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பறக்கும் பறவையைக் கண் கூர்மையாக வரும்படி எடுப்பது லேசான காரியமா? அவர் பெயர் இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு பெயருக்கும் இடம் இருக்கிறதே! கைடிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவர் பெயரைப் போடுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் போடாதீர்கள்.

நாளை நம்மில் யாராவது சம்பாதித்து, கேமரா வாங்கி, அந்தப் புல்வெளிக்குப் போகலாம். போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போக முடியாதவர்கள், அடுத்த முறை ஒரு பறவைப் படத்தைப் பார்க்கும்போது, "காட்டினது யாரு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அது போதும்!