உடன்படிக்கையில் இடம்பெறாத மக்கள்

1947 நவம்பர் 11ஆம் திகதி தேசாதிபதி சேர் ஹென்றி மூரும் டி. எஸ். சேனாநாயக்கவும் கைச்சாத்திட்ட மூன்று உடன்படிக்கைகள் இலங்கையின் சுதந்திரத்துக்கு முன்நிபந்தனைகளாக அமைந்தன. திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் பிரித்தானியப் படைகள் தொடர்ந்து பயன்படுத்தப் பாதுகாப்பு உடன்படிக்கை வழிசெய்தது. வெளிவிவகார உடன்படிக்கை புதிய நாட்டைப் பொதுநலவாய மரபுகளோடு பிணைத்தது. அரசாங்க உத்தியோகத்தர் உடன்படிக்கை பிரித்தானிய அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கும் நட்டஈட்டுக்கும் உறுதியளித்தது. நாடு திரும்பவிருந்த அதிகாரிகளின் பிற்கால வருமானத்தை இத்தனை கவனத்தோடு எழுதிவைத்தவர்கள், பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளை, நமுனுகுலை மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்து நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கை ஈட்டித்தந்த தமிழ்த் தொழிலாளர் அந்நாட்டின் பிரஜைகளா என்பது பற்றி ஒரு வரியேனும் எழுதவில்லை.

இதை மறதி என்று கொள்ள இடமில்லை. 1940இலும் 1941இலும் இலங்கை, இந்தியப் பிரதிநிதிகள் இதே கேள்வியைப் பேசியும் நிலைத்த தீர்வு கிட்டியிருக்கவில்லை. 1944ஆம் ஆண்டின் இறுதியில் அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய வந்த, சோல்பரி பிரபு தலைமையிலான ஆணைக்குழு வாக்குரிமையின் வரம்பைத் தீர்மானிப்பதை உள்நாட்டுச் சட்டமன்றத்திடமே விட்டது. காப்பாக எஞ்சியது புதிய அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு மட்டுமே. எந்தவொரு சமூகத்தவர் மீதும் ஏனையோருக்கு இல்லாத இயலாமையைப் பாராளுமன்றம் சட்டத்தால் சுமத்தலாகாது என்பது அதன் சாரம்.

பேச்சுவார்த்தை நடத்தும் பக்குவம் அம்மக்களிடம் இருக்கவில்லை என்ற வாதமும் நிற்காது. 1940 மே மாதத்தில் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்குள் தேர்தல் நடத்தி ஒரு சபையை அமைத்தனர். அச்சபையைக் கலந்தே செயற்படுவதாகத் தோட்டத்துரை உடன்பட நேர்ந்தது. அப்போது தோட்டங்களில் பரவியிருந்த வேலைநிறுத்த அலை பொலிஸ் அடக்குமுறையால் பின்னர் ஒடுக்கப்பட்டது என்றாலும், ஊவா மாகாணத்தின் தோட்ட லயங்களில் வாழ்ந்தவர்கள் தம் சார்பில் பேசுவோரைத் தாமே தெரிந்தெடுத்து, எதிர்த்தரப்பை உடன்பாட்டுக்குக் கொண்டுவரத் தெரிந்தவர்கள் என்பதற்கு அது போதிய சான்றாகும்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தோட்டத் தமிழரின் அமைப்பான இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. இரட்டை அங்கத்தவர் தொகுதியான பதுளையிலிருந்து அதன் சார்பில் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், வம்சாவளிப் பிரஜையாவதற்குத் தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்று விதித்தது. மூன்று தலைமுறைக்கு முந்திய பிறப்பை லயத்தில் வாழ்ந்த குடும்பம் எந்தப் பத்திரத்தைக் காட்டி நிறுவும்? 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகளல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியதால், 1952இல் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. ஆனால் தொகுதிகளை வகுக்கையில் தோட்ட மக்களின் தலைகள் தொடர்ந்து எண்ணப்பட்டன. வாக்கற்ற அவர்களின் எண்ணிக்கை, சுற்றியிருந்த வாக்காளரின் பலத்தை மிகுவித்தது. இவற்றுள் மிகக் கொடிய அநீதி இதுவே எனலாம்.

29(2)ஆம் பிரிவும் கைகொடுக்கவில்லை. அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில், தன் பிரஜைகள் யாரெனத் தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் என்னும் நோக்கில், கொடாக்கன் பிள்ளை வழக்கில் 1953ஆம் ஆண்டு அச்சட்டங்களைச் செல்லுபடியாக்கியது. உரிமைகளுக்கு வலுவான உத்தரவாதம் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் எனச் சோல்பரி பிரபு தாமே பின்னாளில் எழுதினார்.

ஆட்சி கைமாறும்போது குடியுரிமை பற்றி எழுதிவைப்பது நடைமுறைக்கு ஒவ்வாத செயலன்று. 1962 மார்ச்சில் பிரான்சும் அல்ஜீரிய விடுதலை முன்னணியும் செய்த எவியான் உடன்படிக்கை, அங்கு வாழ்ந்த ஐரோப்பியக் குடியேறிகளுக்கு மூன்றாண்டு அவகாசமும் அல்ஜீரியக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் அளித்தது. பிரெஞ்சுப் படையில் துணைவீரராக இருந்த ஹார்க்கிகளுக்கோ அதில் தனிக் காப்பு எதுவும் இல்லை. சுதந்திரத்துக்குப் பின் அவர்களில் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். பலமுடையவர்களின் நலன் எழுத்தில் ஏறுவதும் ஏனையோரின் நலன் நல்லெண்ணத்துக்கு விடப்படுவதும் அங்கும் நிகழ்ந்தன.

அதே வழக்கம் சுதந்திர நாடுகளிடமும் தொடர்ந்தது. 1964 அக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. கையெழுத்திட்டவை இரண்டு அரசுகளே. பிரிக்கப்பட்ட மக்கள் அதில் ஒரு தரப்பாக இல்லை. உறவுகளைப் பிரித்துத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற ரயிலை மலையகம் அழுகைக் கோச்சி என்றே நினைவில் வைத்திருக்கிறது.

திருகோணமலையும் கட்டுநாயக்கவும் 1957இலேயே இலங்கையிடம் கையளிக்கப்பட்டன. 1964 அக்டோபர் 30 முதல் நாட்டில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அதன் பின்னரும் ஊவாவின் லய அறைகளில் வாழும் பெரும்பாலான குடும்பங்களிடம் தாம் குடியிருக்கும் நிலத்துக்கான காணி உறுதி இல்லை. அந்நிலத்தைக் குத்தகைக்கு விட்ட அரசும் அதை எடுத்த கம்பனிகளும் அதன் எதிர்காலத்தைப் பேசும் மேசையில், அங்கே குடியிருப்போர் தெரிந்தெடுத்த பிரதிநிதிகளும் ஒரு தரப்பாகக் கையெழுத்திட வேண்டும்.