பேரீச்சம்பழத்துக்குப் போகும் வேன்

ஓடாத வண்டியை விற்கும் குடும்பங்கள் தெரிந்து கொள்ள வேண்டியவை

வாசலில் ஒரு வேன் நிற்கிறது. சக்கரத்தில் காற்று இல்லை. கண்ணாடியில் தூசி. அடியில் பூனை குட்டி போட்டிருக்கிறது. சாவி போட்டுத் திருகினால் ஒரு முனகல்கூட இல்லை. ஆனாலும் அதை விற்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

தமிழ்நாட்டில் இப்படி நிற்கும் வண்டிகள் ஊருக்கு ஊர் உண்டு. அவற்றில் பல மாருதி ஆம்னி வேன்கள். (ஆம்னி என்றதும் ராத்திரியில் ஓடும் தனியார் பஸ்ஸை நினைக்க வேண்டாம். இது பெட்டி மாதிரி இருக்கும் சின்ன வேன்.) குலதெய்வம் கோயிலுக்குப் போனது அதில்தான். மூத்த பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனதும் அதில்தான். ஐந்து பேர் உட்கார வேண்டிய வண்டியில் பத்துப் பேர் ஏறினார்கள். அதற்கு மேல் ஒரு தூக்குப் புளியோதரையும் ஏறியது. அந்த வண்டியை எடைக்குப் போடுவது என்றால் லேசா?

மனசு ஒரு பக்கம் இருக்கட்டும். இன்று ஓடாத வண்டியை விற்பதில் சட்டமும் சேர்ந்து கொண்டது. தெரியாமல் விற்றால் வண்டி போன பிறகும் வம்பு போகாது.

35 வருஷ ஓட்டம்

மாருதி வேன் 1984-ல் வந்தது. 1988-ல் அதற்கு ஆம்னி என்று பெயர் வைத்தார்கள். 796 சி.சி. என்ஜின். மாருதி 800 காரிலும் அதே வகை என்ஜின்தான். அதனால் எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பழுது பார்ப்பார். என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. நீண்ட தூரம் போனால் சீட் சுடும். பக்கக் கதவு இழுத்துத் தள்ளும் கதவு. அந்தக் கதவைப் பார்த்துத்தான் சினிமாக்காரர்கள் ஆள் கடத்தும் காட்சிக்கு எல்லாம் இந்த வேனையே பிடித்துக் கொண்டார்கள். நிஜத்தில் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியது; ஆம்புலன்ஸாக ஓடியது; காய்கறி மூட்டை சுமந்தது.

2019-ல் அதன் உற்பத்தி நின்றது. மோதல் சோதனை, காற்றுப் பை போன்ற புதிய பாதுகாப்பு விதிகள் அந்த வருஷம் எல்லாக் கார்களுக்கும் வந்தன. டிரைவரின் முழங்காலுக்கும் முன் பம்பருக்கும் நடுவே ஒரு தகடுதான் என்று இருந்த வேன் அந்த விதிகளுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. நாம் அதில் குழந்தைகளை மடியில் வைத்துக் கொண்டு போனோம் என்பதை இப்போது நினைத்தால் கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது.

15 வருஷம் ஆனால் குற்றமா?

"15 வருஷம் ஆன வண்டியை அரசாங்கம் பிடுங்கிக் கொள்ளுமாம்" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். இது பாதி உண்மை, மீதி வதந்தி.

டில்லி வட்டாரத்தில் நிலைமை வேறு. அங்கே காற்று மாசு அதிகம். 10 வருஷமான டீசல் வண்டியும் 15 வருஷமான பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவு போட்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1-ந்தேதி முதல் அத்தகைய வண்டிகளுக்கு டில்லி பங்குகளில் பெட்ரோல் ஊற்றுவதே நின்றது. ஜனங்கள் கொதித்தார்கள். சில நாளிலேயே அந்தத் தடை நிறுத்தி வைக்கப்பட்டது. வயதை மட்டும் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. டிசம்பரில் அதையும் திருத்தி, பி.எஸ்.4 தரத்துக்குக் கீழ்ப்பட்ட வண்டிகளுக்கு அந்தச் சலுகை இல்லை என்று ஆக்கியது.

தமிழ்நாட்டில் இந்த வயதுத் தடை இல்லை. சொந்த வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி, சோதனையில் தேறினால் 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். ஆனால் கட்டணம்தான் ஏறிக் கொண்டே போகிறது. காருக்கு ரூ.600 ஆக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் ரூ.5,000 ஆயிற்று. 20 வருஷத்துக்கு மேற்பட்ட காருக்கு ரூ.10,000 என்று 2025 ஆகஸ்டில் மற்றோர் அறிவிப்பு வந்தது. இது தவிர, தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு.

ஓடுகிற வண்டிக்கே இந்தக் கதி. ஓடாத வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கட்டி இழுத்துப் போய், ரிப்பேர் செய்து, சோதனையில் தேற வைத்து, பணமும் கட்டுவது யாருக்குக் கட்டுப்படியாகும்? "விற்று விடு" என்று அரசாங்கம் வாயால் சொல்லவில்லை, கட்டணத்தால் சொல்கிறது.

யார் வாங்குவார்?

முதலில் வருகிறவர் காயலான் கடைக்காரர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். எடையைக் கணக்குப் போடுவார். ஆம்னி வேன் சுமார் 800 கிலோ இருக்கும். உடனே கையில் ரொக்கம் தருவார். வண்டியைத் தாமே இழுத்துக் கொண்டும் போவார். குடும்பத்துக்கு இது மிகவும் சுலபம்.

அடுத்தவர் மெக்கானிக் அல்லது பழைய உதிரி பாக வியாபாரி. சென்னையில் புதுப்பேட்டை இதற்குப் பேர் போன இடம். என்ஜின், கியர் பெட்டி, கதவு, கண்ணாடி என்று பிரித்து விற்றால் இரும்பு விலையைவிட அதிகம் கிடைக்கும். உற்பத்தி நின்று போன வண்டிக்கு உதிரி பாகம் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் அல்லவா?

மூன்றாவது வழி புதியது. 2021 ஆகஸ்டில் பிரதமர் பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையைத் தொடங்கி வைத்தார். செப்டம்பரில் விதிகள் வந்தன. அதன்படி அரசாங்கத்தில் பதிவு பெற்ற வண்டி உடைப்பு நிலையங்கள் ஏற்பட்டன. அங்கே வண்டியைக் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். வண்டி திருட்டு வண்டியா என்று போலீஸ் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உடைப்பார்கள். சேஸிஸ் நம்பர் உள்ள துண்டை வெட்டி எடுத்து ஆறு மாதம் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

எதற்கு இத்தனை ஜாக்கிரதை? செத்த வண்டியின் நம்பரைத் திருட்டு வண்டிக்கு வைத்து ஓட்டுவது பழைய தந்திரம். காயலான் கடைக்குப் போன வேனின் ஆர்.சி. புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சுப்ரீம் கோர்ட் சொன்னது

2009-ல் வட நாட்டில் ஒரு கார் விபத்து நடந்தது. ஒரு சிறுவன் இறந்து போனான். அந்தக் கார் அதற்கு முன் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு என்று பல கை மாறியிருந்தது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் முதலில் விற்றவர் பெயரே இருந்தது. "நான் எப்போதோ விற்று விட்டேன்" என்றார் அவர். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர்; நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று கோர்ட் சொல்லி விட்டது.

ஓடாத வண்டி எப்படி விபத்து செய்யும் என்று கேட்கலாம். வாங்கியவர் ரிப்பேர் செய்து ஓட்டினால்? அதைத்தான் பலர் செய்கிறார்கள். மாருதி என்ஜினை உயிர்ப்பிப்பது பிரம்ம வித்தை அல்ல. இன்ஷூரன்ஸ் இல்லாமல், புது டயர் போட்டு, எங்கோ ஒரு செங்கல் சூளையில் சாமான் ஏற்றிக் கொண்டிருக்கும். இடித்து விட்டால் கோர்ட் நோட்டீஸ் பழைய வீட்டு விலாசத்துக்குத்தான் வரும்.

ஆகவே வண்டியை ஓட்டுவதற்காக ஒருவர் வாங்கினால், பெயர் மாற்றம் நடந்தே தீர வேண்டும். விற்பவர் படிவம் 29-ல் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போதாது. உடைப்பதற்கானால், 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவின்படி, இனி ஓடவே முடியாத வண்டி என்று தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேகையும் பாங்கில் சொல்லி மூட வேண்டும். இல்லாவிட்டால் யாரோ சுங்கச் சாவடி தாண்டுவார். பணம் இங்கே போகும்.

தாத்தா பெயரில் இருந்தால்?

வீடுகளில் அடிக்கடி வரும் சிக்கல் இது. வேன் தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருக்கும். அவர் இருந்த வரைக்கும் அவர் ஓட்டினார். பிறகு பிள்ளை ஓட்டினார். பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது விற்கப் போனால், கையெழுத்துப் போட ஆள் இல்லை!

சொந்தக்காரர் இறந்தால் 30 நாளுக்குள் வாரிசு தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும் என்பது விதி. தாமதமானவர்கள் மரணச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழுடன் அலைய வேண்டும். அண்ணன் தம்பிகள் நாலு பேர் என்றால் நாலு பேர் சம்மதமும் வேண்டும். ஓடாத வேனை விற்ற சொற்பப் பணத்துக்காகப் பேச்சு வார்த்தை நின்று போன குடும்பங்கள் உண்டு. 2021-ல் வந்த விதி மாற்றத்தின்படி, உயிரோடு இருக்கும்போதே வண்டிக்கு நாமினி பெயரைப் பதிவு செய்து வைக்கலாம். இது பலருக்குத் தெரியாது.

கடன் வாங்கி வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்து பல வருஷம் ஆனாலும் ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் நீக்கப்படாமல் இருக்கும். அதையும் முதலில் பார்த்துக் கொள்ள வேண்டும்.

எண்ணெயும் ஈயமும்

வண்டியை எங்கே உடைக்கிறார்கள் என்பது அக்கம் பக்கத்துக் குழந்தைகளுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். பாட்டரியில் ஈயமும் திராவகமும் இருக்கின்றன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம். தெருவோரத்தில் உடைக்கும்போது என்ஜின் ஆயிலும் பிரேக் ஆயிலும் மண்ணில் போகின்றன. செம்புக் கம்பிக்காக ஒயரைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை யார் வீட்டுக்குள் போகிறது?

பதிவு பெற்ற நிலையத்தில் முதலில் எண்ணெய்களை வடிப்பார்கள். பாட்டரியைத் தனியே எடுப்பார்கள். பிறகுதான் தகட்டை நசுக்குவார்கள். நசுக்கிய இரும்பு மின் உலைக்குப் போய் மறுபடி உருக்காகிறது. இப்படி ஒரு டன் உருக்குச் செய்தால், ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்புத் தாதுவைத் தோண்ட வேண்டிய வேலை மிச்சம். 2025 ஏப்ரல் முதல், பழைய வண்டிகள் ஒழுங்காகக் கழிக்கப்படுவதில் வண்டி செய்யும் கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு என்று மத்திய அரசாங்கம் விதி செய்திருக்கிறது.

லாபம் யாருக்கு?

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்குப் பார்த்தால் ஒரு குறை தென்படுகிறது.

நிலையத்தில் என்ன விலை கிடைக்கும்? புது வண்டியின் ஷோரூம் விலையில் 100-க்கு 4 முதல் 6 ரூபாய் வரை என்று 2021-ல் அரசாங்கம் சொன்னது. புதிய ஆம்னி என்று ஒன்று இப்போது கிடையாதே. எந்த விலையில் 100-க்கு 4? கடைசியில் அங்கேயும் தராசுதான் பேசும். நிலையம் எல்லா ஊரிலும் இல்லை. வண்டியை ஏற்றிப் போகும் செலவை யார் ஏற்பது என்று முன்கூட்டியே பேசிக் கொள்ள வேண்டும்.

சலுகைகள் எல்லாம் சான்றிதழில் இருக்கின்றன. அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. சொந்த வண்டிக்குச் சாலை வரியில் 100-க்கு 25 வரை மாநில அரசாங்கம் குறைக்கலாம். கம்பெனிகள் 100-க்கு 5 தள்ளுபடி தரட்டும் என்று 2021-ல் யோசனை சொன்னார்கள். 2024 ஆகஸ்டில் கார் கம்பெனிகள் பல ஒப்புக் கொண்டது 100-க்கு ஒன்றரை, அல்லது ரூ.20,000, இரண்டில் எது குறைவோ அது! இதற்கிடையில் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதமாகக் குறைந்தது. இது பழைய வண்டி இல்லாதவருக்கும் கிடைத்த லாபம்.

புது வண்டி வாங்குகிறவருக்குச் சான்றிதழ் பணமாகும். ஆனால் ஓடாத வேனை விற்கிற குடும்பங்களில் பல, புது வண்டி வாங்க வழி இல்லாத குடும்பங்கள். அவர்களுக்குக் காயலான் கடைக்காரர் நீட்டும் ரொக்கம் பெரிதாகத் தெரிவதில் என்ன தப்பு? சான்றிதழை வேறொருவருக்கு விற்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் கிராமத்துக் குடும்பத்துக்கு அதை வாங்க ஆள் தேடித் தருவது யார்? கட்டணத்தை உயர்த்துவதில் காட்டிய வேகத்தை இதில் காட்டியிருந்தால், எத்தனையோ வண்டிகள் தெருவோரத்துக்குப் போகாமல் நிலையத்துக்குப் போயிருக்கும்.

எங்கே கொடுத்தாலும், கொடுக்கிற அன்று சில காரியங்கள் உண்டு. சீட்டுக்கு அடியிலும் கதவுப் பையிலும் பழைய தஸ்தாவேஜுகள் கிடக்கும். துழாவிப் பார்க்க வேண்டும். ஆதார் நகல் கொடுத்தால், எதற்காகக் கொடுத்தது என்று அதன் மேல் எழுதித் தேதி போட வேண்டும். வண்டியையும் எடுத்துப் போகிறவரையும் சேர்த்து ஒரு போட்டோ பிடித்து வைத்துக் கொள்வது நல்லது. டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையாரை எடுத்துக் கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள். என்ஜினையோ பாட்டரியையோ கழற்றி வைத்துக் கொண்டால் நிலையத்தில் விலையைக் குறைப்பார்கள். சேஸிஸ் நம்பர் இருக்கும் தகட்டில் மட்டும் கை வைக்கவே கூடாது. அந்த நம்பர் இல்லாமல் பதிவு ரத்தாகாது.