பழையதும் பழுதும்

"மாடு காலொடிந்து விழுந்தது" என்பது ஒரு வாக்கியம். ஒடிந்தது எது? கால். விழுந்தது எது? மாடு. ஒடிதல் சினையின் வினை. விழுதல் முதலின் வினை. சினைவினை முதல்வினையோடு முடிந்தது. ஆயினும் அது வழுவன்று என இலக்கணம் அமைத்துக்கொள்கின்றது. மாணாக்கருக்கு இதனைப் பல்லாண்டு சொல்லி வந்திருக்கின்றேன். சொல்லிலே அமைத்துக்கொண்ட இதனை வாழ்விலும் அமைத்துக்கொள்ளப் புகுந்தால் எத்துணை நட்டம் வரும் என்பதைச் சென்ற மாதந்தான் அறிந்தேன். அறிவித்தது ஒரு பழைய மொறிஸ் மைனர் கார்.

நாவற்குழியிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தேன். செம்மணி வெளியில், நிழலுக்கு ஒரு மரமும் இல்லாத இடத்தில், முன்மூடியின் கீழிருந்து வெள்ளை ஆவி கிளம்பியது. இரண்டு மூன்று முறை இடித்தாற்போல ஒரு சத்தம், பிறகு நிசப்தம். அவ்வழியே வந்த லான்ட்மாஸ்ரர் ஒன்றிற் கயிறு கட்டி, வீடுவரை இழுத்து வந்தோம்.

படலையடியில் ஊர் கூடிவிட்டது. "மாஸ்ரர், கார் செத்துப்போச்சு. வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கோ" என்றார் ஒருவர். "கொப்பர் ஓடின காரடா தம்பி, அதை விக்கிறதோ? எவ்வளவு போனாலும் செய்விச்சு எடு" என்றார் என் சிறிய தந்தையார். விற்க என்பார் ஒரு கட்சி. திருத்துக என்பார் மறு கட்சி. இரு கட்சியாரும் முன்மூடியைத் திறந்து பார்த்தவர் அல்லர்.

செத்தது எஞ்சின், கிடப்பது கார். "கார் எஞ்சின் செத்துக் கிடக்கிறது" என்று சொன்னால் இலக்கண வழு இல்லை. அந்த வாக்கியத்தை வைத்து விலை பேசினால் கணக்கு வழு உண்டு. சினையிற் கண்ட குற்றத்தை முதலின்மேல் ஏற்றி, முதலையே குற்றமாக்கி, அரை விலைக்குக் கொடுப்பவர் நம்மிற் பலர். மறு கட்சியாரோ முதலின்மேல் வைத்த அன்பினாற் சினையின் குற்றத்தைக் காண மறுக்கின்றனர். பழையது வேறு; பழுது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாத வரையில் விற்பதும் பிழை, திருத்துவதும் பிழை.

கொக்குவிற் பக்கத்தில் ஒரு கராச். அதனை நடத்துபவர் அறுபது வயதைக் கடந்தவர். "எவ்வளவு முடியும்?" என்று நான் கேட்டேன். "திறந்து பாராமல் காசு சொல்லுறவனை நம்பாதேங்கோ ஐயா" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே அவரிடம் எனக்கு மதிப்புண்டாயிற்று.

அவர் செய்தவற்றை அருகே நின்று பார்த்தேன். முதலில் எண்ணெய்க் கோலை இழுத்தார். அதில் ஒட்டியிருந்தது எண்ணெயின் நிறம் அன்று. பால் தேநீரின் நிறம். தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிட்டது என்பதற்கு அது சான்று. அடுத்து, நான்கு பிளக்குகளையுங் கழற்றி, ஒவ்வோர் உருளையிலும் அமுக்கத்தை அளந்தார். அடுத்தடுத்துள்ள இரண்டாம் மூன்றாம் உருளைகளில் அமுக்கம் மிகத் தாழ்ந்திருந்தது. அவ்விரண்டுக்கும் இடையில் ஹெட் காஸ்கெட் எரிந்துபோயிற்று என்றார். முதலாம் நான்காம் உருளைகளிலுங் கொஞ்சம் குறைவு. அவற்றுள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தார், அமுக்கம் ஏறியது. எண்ணெய் விட ஏறினாற் தேய்ந்தது ரிங். ஏறாவிட்டாற் பழுது வால்விலே என்பது அவர் சொன்ன சூத்திரம். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் என்னும் இரண்டும் அதில் அமைந்திருந்தன.

பின்னர் எஞ்சினைப் பிரித்தார். கட்டையில் வெடிப்பு இல்லை. கிராங்கில் ஆழ்ந்த கீறல் இல்லை. உருளைகளைக் கடைந்து, அளவு கூடிய பிஸ்ரனும் ரிங்கும் போட்டு, ஹெட்டை மட்டஞ்செய்து, புதிய காஸ்கெட் இட்டால் எஞ்சின் பிழைக்கும் என்று தீர்ப்புக் கூறினார்.

அத்துடன் அவர் விடவில்லை. நோயைக் கண்டவர் நோயின் காரணத்தையுந் தேடினார். றேடியேற்றரைக் கழற்றிக் காட்டினார். அதன் குழாய்களில் வெண்சுண்ணம் படிந்து பாதி வழி அடைபட்டிருந்தது. நமது குடாநாடு சுண்ணக்கல்லின்மேற் கிடப்பது. நமது கிணற்று நீர் வன்னீர். கேத்திலின் அடியிற் படிவது எதுவோ அதுவே றேடியேற்றரிலும் படியும். நீர் ஓட்டந் தடைப்பட்டது, சூடு மிகுந்தது, காஸ்கெட் எரிந்தது. பல்லாண்டாகக் கிணற்று நீரை வாளியில் அள்ளி ஊற்றியவன் நான். காரின் முதுமைமேல் ஊரார் ஏற்றிய பழி உண்மையில் என்னுடையது.

எஞ்சின் பிழைக்கும் என்பதனாலே திருத்துதல் தகும் என்று முடிவு செய்யலாகாது. இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. ஒன்று, எஞ்சின் போய் இருக்கப்போகும் உடல் எப்படி என்பது. மொறிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை; தகட்டுடலே பாரத்தைத் தாங்குவது. அடித்தகடு துருப்பிடித்துப்போயின், புதிய எஞ்சின் பூட்டுவது இற்ற சுவருக்குத் தேக்கு நிலை வைப்பதை ஒக்கும். உப்புக்காற்று வீசும் ஊர் நமது. ஆகவே வண்டியைத் தூக்கி வைத்து, அடிப்புறம் முழுவதையுஞ் சிறு சுத்தியலாற் தட்டிப் பார்த்தோம். இரண்டிடத்திற் தவிர மற்றெங்கும் கணீரென்றே ஒலித்தது.

மற்றொன்று, உதிரிப் பாகம் அகப்படுமா என்பது. எங்கள் வண்டி 1958ஆம் ஆண்டையது. 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்டது. மொறிஸ் மைனர் என்னும் வண்டி இங்கிலாந்தில் 1948இல் வெளிவந்தது. அதன் உற்பத்தி எழுபதுகளின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும் இந்த எஞ்சினின் குடும்பம் பெரியது. அக்குடும்பத்து எஞ்சின்கள் மினி என்னுஞ் சிறு காரிலே 2000ஆம் ஆண்டுவரை பூட்டப்பட்டன. அதனால் இன்றும் பிஸ்ரன் கிடைக்கின்றது, காஸ்கெட் கிடைக்கின்றது. இவ்விடத்தில் முதுமை பாரமன்று, பழகிய உறவு. பத்தாண்டு வயதுள்ள வண்டிகள் சில இருக்கின்றன. அவற்றின் உள்ளே புகத் துணிவார் இன்மையால், எஞ்சினை முழுதாக இறக்கி வேறொன்று ஏற்றுவதே வழி என்கின்றனர். புதியது எளிதிற் திருந்தும், பழையது திருந்தாது என்னும் எண்ணமும் ஆராயத்தக்கதே.

இனிப் பணக் கணக்கு. திருத்தக் கேட்டது இரண்டு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபா. கிடந்தபடியே விற்றால் வரக்கூடியது நான்கு இலட்சம். நன்றாக ஓடுமாயின் ஒன்பது இலட்சம். இக்கணக்கிற் படித்தவர்களும் இரண்டு பிழை விடுவர். முன்னர்ச் செலவழித்ததை எல்லாம் கூட்டி, "இவ்வளவு போட்டாயிற்று, இனி எப்படி விடுவது?" என்பது முதற் பிழை. போன காசு போனதே. முடிவு, இனிப் போகுங் காசையும் இனி வரும் பயனையும் பற்றியது. திருத்துங் கூலியைக் கிடந்தபடி வரும் விலையோடு ஒப்பிட்டு, "விலையில் முக்காற் பங்கு கூலியோ?" என்று மலைப்பது இரண்டாம் பிழை. ஒப்பிடவேண்டியது, அந்த வேலையைச் செய்யக்கூடிய இன்னொரு வண்டியின் விலையோடு. நான்கு இலட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடக்கூடிய நாற்சக்கர வண்டி ஒன்றை இன்று நம் நாட்டில் வாங்குதல் அரிது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது, அதுவும் பெருவரியோடு. அந்த ஐந்தாண்டில் நம்மவர் பழைய வண்டிகளின் அருமையைக் கற்றனர். விற்பதே கருத்தாயினும், திருத்தி விற்றால் ஆறு இலட்சத்துப் பதினையாயிரம் மிஞ்சும். கிடந்தபடி விற்றதினும் இரண்டு இலட்சத்துப் பதினையாயிரம் கூட.

இது நிற்க. கணக்கு இப்படித் தெளிவாகுமுன் நடந்த ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. கார் கிடந்த மூன்றாம் நாள் ஒரு தரகர் வந்தார். "மாஸ்ரர், ஏன் வீண் செலவு? தடிச்ச ஒயிலை விட்டு, றேடியேற்றருக்குள்ள அடைக்கிற மருந்து ஒண்டை ஊத்தினால், ஒரு கிழமைக்கு ஒரு சத்தமும் வராது. எட்டரைக்குக் கேட்க ஆள் இருக்கு" என்றார். அந்த ஆள் யார் என்று வினவினேன். புதிதாக நியமனம் பெற்ற இளம் ஆசிரியர். கடன்பட்டு வாங்கப் போகின்றவர். "உங்களிட்டை எண்டால் விசாரியாமல் எடுப்பார்" என்றுஞ் சொன்னார்.

அப்பொழுதே அவரைப் போ என்று சொல்லியிருந்தேனாயின் இக்கட்டுரை எழுத எனக்குத் தகுதி கூடியிருக்கும். நான் சொன்னது, "யோசிப்பம்" என்பதே. அன்றிரவு யோசிக்கவுஞ் செய்தேன். நான்கு இலட்சத்துக்கும் எட்டரை இலட்சத்துக்கும் இடையிலுள்ள நாலரை இலட்சம் எதன் விலை என்று எண்ணிப் பார்த்தேன். அது காரின் விலையன்று. அதிற் பூட்டிய பொருள் எதுவும் இல்லை. என் பெயரின்மேல் ஓர் இளைஞர் வைத்த நம்பிக்கையின் விலை அது. என்னிடம் விசாரியாமல் எடுப்பார் என்றாரே, அந்த விசாரியாமையைத்தான் நான் விற்கப்போகின்றேன். விடிந்ததும் தரகருக்கு ஆள் அனுப்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விடியும்வரை சொல்லவில்லை என்பதை நினைக்க இன்றும் நாணமாயிருக்கின்றது.

என் சிறிய தந்தையாரின் கட்சிக்கும் ஒரு வார்த்தை சொல்லல் வேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்திற் குடாநாட்டிற் பெற்றோல் காண்பது அரிது. தொடக்கத்துக்குச் சில துளி பெற்றோல், ஓடுவதற்கு மண்ணெண்ணெய் என்று ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் ஓடின. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, மழையில், குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, நடக்கமாட்டாத என் பேத்தியாரை இந்த வண்டியே சுமந்து சென்றது. சென்ற வழியும் இதே செம்மணி வழிதான். ஆயினும் இந்த நன்றியைத் திருத்துவதற்குக் காரணமாக நான் கொள்ளவில்லை. அடித்தகடு இற்றிருந்தால், கட்டை வெடித்திருந்தால், விற்றிருப்பேன். என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது அது. அவர் இன்ன இன்ன பழுது என்று கடதாசியில் எழுதி, வாங்குபவர் கையொப்பமும் பெற்று, உதிரிப் பாகத்துக்கென்றே விற்றார். அவ்வண்டியின் கதவும் கண்ணாடியும் வேறொரு வண்டியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர் செய்ததிலும் நன்றிக்குக் குறைவில்லை.

எனினும் திருத்துதலின் பக்கம் வைத்து எண்ணத்தக்க பொருள் ஒன்று உண்டு. அது பணக் கணக்கில் வராதது. அந்தக் கராச்சில் இரண்டு இளைஞர்கள் வேலை பழகுகின்றனர். அமுக்கத்தை அளந்தபோது பெரியவர் அளவைச் சொல்லவில்லை. அவர்களிடம் கருவியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஏன் குறைவு என்று கேட்டார். ஒருவர் பிழையாக விடை சொன்னார். மீண்டும் எண்ணெய் விட்டுக் காட்டினார். வகுப்பறையில் நாம் செய்யவேண்டுவது இதுதானே! தடைக் காலத்தில் இல்லாமையே ஆசிரியனாக இருந்து நம்மவர்க்குக் கற்பித்த கைத்திறன் அது. பழுதானவற்றை எல்லாம் திறந்து பாராமலே தள்ளிவிடுவோமாயின், அவ்விளைஞர்கள் எதன்மேற் கற்பர்? கற்பதற்குப் பழுது வேண்டும்.

இதனை எழுதும்போது எஞ்சின் கட்டை லேத் பட்டறையில் இருக்கின்றது. இன்னும் இரண்டு கிழமை செல்லும் என்கின்றனர். அந்த இளம் ஆசிரியருக்கு நடந்ததைச் சொல்லி, எந்த வண்டியைப் பார்த்தாலும் எண்ணெய்க் கோலை இழுத்துப் பாரும், அடித்தகட்டைத் தட்டிப் பாரும் என்று கூறியிருக்கின்றேன். வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பீப்பா வைத்து மழைநீர் பிடிக்கத் தொடங்கியுள்ளேன். இனி றேடியேற்றருக்குக் கிணற்று நீர் இல்லை. படலையடியால் போகிறவர்கள், "செத்த காருக்கு என்ன நடந்தது மாஸ்ரர்?" என்று இப்பொழுதுங் கேட்கின்றனர். செத்தது எது என்று திரும்பிக் கேட்கின்றேன்.