வெர்னியர் வைத்துப் பார்த்தால் போதுமா?

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த இளம் இஞ்சினியர் தம்பி சொன்னார்: "என்ன சார், வெர்னியர் வெச்சுப் பார்த்தா 20 வருதா, அது எம்20 போல்ட்டு. இதுல என்ன இருக்கு?" பாயசத்தை மறந்துவிட்டு அவரோடு சண்டைக்குப் போனேன். அங்கே முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மைக்ரோமீட்டரை எங்கள் பௌதிக வாத்தியார் "பால்மேர்" என்றுதான் சொல்வார். 1848-இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை வாங்கியவரின் பெயர் அது. பிட்ச் டயாமீட்டருக்கு பிரெஞ்சில் உள்ள பெயரைத் தமிழில் சொன்னால், "சரிவுகளின் மேல் எடுத்த விட்டம்". விஷயம் முழுக்க அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நட்டு கடித்துப் பிடிப்பது மரையின் உச்சியை அல்ல, சரிவைத்தான். வெர்னியர் தொடுவதோ உச்சியை மட்டும். உச்சி சரியாக இருந்து, சரிவு மெலிந்துபோன போல்ட்டும் உண்டு, பருத்துப்போன போல்ட்டும் உண்டு.

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மெட்ரிக் மரைக்குக் கோணம் 60 டிகிரி. பிட்ச்சை 0.6495-ஆல் பெருக்கி வெளிவிட்டத்தில் கழிக்க வேண்டும். எம்20-க்குப் பிட்ச் 2.5 மி.மீ.; விடை 18.376. சாதாரண 6ஜி போல்ட்டில் இது 18.164-க்கும் 18.334-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இடைவெளி வெறும் 0.17 மி.மீ.

அளப்பதற்கு 1.443 மி.மீ. கம்பி மூன்று. ஒரு பக்கம் இரண்டு பள்ளத்தில் இரண்டு, எதிர்ப்பக்கம் ஒன்று. மேலே பால்மேரை வைத்துப் படித்து, கம்பி விட்டத்தின் மூன்று மடங்கைக் கழித்து, பிட்ச்சின் 0.866 பங்கைக் கூட்டினால் வந்துவிடும். (பிட்ச்சே தப்பாக இருந்தால் மூன்று கம்பி அதைக் காட்டாது, அதற்கு கோ கேஜ் வேண்டும்.)

கடலோர ஊரில் துத்தநாகம் பூசாத போல்ட் நிற்காது. பூச்சு 50 மைக்ரான் ஏறினால் பிட்ச் டயாமீட்டர் அதைப் போல நாலு மடங்கு, அதாவது 0.2 மி.மீ. கூடும். மேலே சொன்ன இடைவெளி முழுவதையும் விழுங்கிவிடும். அதனால்தான் பூச்சுப் போட்ட போல்ட்டுக்கென்று நட்டின் உள்மரையைப் பெரிதாக வெட்டுகிறார்கள். அந்த நட்டை வெறும் போல்ட்டில் மாட்டினால் பிடிப்பு குறைந்துபோகும்.

1980-களின் கடைசியில் நான் ஸ்டோர் பிரிவில் குமாஸ்தா. எந்த இலாகா என்பது வேண்டாம். இரண்டு வகை நட்டும் ஒரே பெட்டியில் கொட்டப்பட்டிருந்தன. வரவுப் பதிவேட்டில் "அளவு சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். எதை அளந்தேன்? நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 30 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்தேன். அது சாதாரண எம்20 நட்டு எல்லாவற்றிலும்தான் இருக்கும்!

பம்ப் மாட்டும்போது ஒரு நட்டின் மரை உரிந்தது. ஸ்பானர் நழுவி ஃபிட்டருக்கு இரண்டு விரல் முறிந்தது. விசாரணையில் "அளவுக்கு மீறி முறுக்கினார்" என்று எழுதி அவருக்கே மெமோ கொடுத்தார்கள். பிறகு மில்லில் வேலை பார்த்த வயதான டர்னர் ஒருவர் அந்தப் பெட்டியிலிருந்து நாலு நட்டை எடுத்து நோ-கோ கேஜை விட்டுக் காட்டினார். முழுக்க உள்ளே போகக் கூடாத கேஜ், இரண்டு நட்டில் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்தது. "மரை கழண்டது நட்டுக்கு இல்ல சாமி, உங்க ஆபீசுக்கு" என்றார்.

"குமாஸ்தாவுக்கு எதற்கு இதெல்லாம்?" என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். சரக்கு சரி என்று கையெழுத்துப் போடுகிறவன் அவன்தானே? ஒவ்வொரு அளவுக்கும் ஒரு ஜோடி கேஜ், பதிவேட்டில் "கோ, நோ-கோ பார்த்தது" என்று ஒரு பத்தி. இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. இதற்குப் பணம் இல்லை என்கிற ஆபீசில் போல்ட் வாங்க மட்டும் பணம் எங்கிருந்து வருகிறது?

டர்னர் காட்டியதை ஒரு குறிப்பாக எழுதி மேலே அனுப்பியிருக்கலாம். நான் அனுப்பவில்லை. மெமோ அந்த ஃபிட்டரின் சர்வீஸ் புத்தகத்திலேயே இருந்துவிட்டது.